தரமும் கிழிசலும்: சித்திரக்கதைச் சேகரிப்புச் சந்தை பற்றிய ஒரு நோக்கு

1

‘தரப்படுத்தல்’ என்னும் சொல் ஈழத்துத் தமிழ் வாசகர்க்குப் புதியதன்று. எழுபதுகளின் முற்பகுதியில், பல்கலைக்கழக அனுமதி தொடர்பாக அச்சொல் பெற்ற அரசியற் சுமையை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. எனினும் அச்சொல்லுக்கு அதனினும் பழைய சந்தைப் பொருளொன்றும் உண்டு. புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில், சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல் ஊடாகக் கற்பிட்டிக் குடாநாட்டின் முனைவரை, அப்பொருளிலேயே அது அன்றாடம் வழங்கி வருகின்றது. ஏற்றுமதிக்குச் செல்லும் இறால், ஒரு கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்ற கணக்கிலே தரம் பிரிக்கப்படுகின்றது. கடலட்டை அதன் இனத்தையும் பருமனையும் உலர்ந்த நிலையையும் கொண்டு மதிக்கப்படுகின்றது. கொப்பரா அதன் வெண்மையையும் ஈரத்தையும் கொண்டு நிறுக்கப்படுகின்றது. இவை யாவற்றிலும் தரம் பிரிப்பவர் வாங்குபவரே; பிடித்தவரோ விளைத்தவரோ அல்லர். தராசும் மதிப்பிடும் கண்ணும் வியாபாரியின் பக்கத்திலேயே இருக்கின்றன. கரையோரத் தொழிலாளர் இதனை எந்த நூலையும் கற்காமலே அறிவர்.

எனினும் இத்தரங்களுக்கெல்லாம் பொதுவான பண்பொன்று உண்டு. இறால் உண்ணப்படுவதற்காகவே தரம் பிரிக்கப்படுகின்றது. கொப்பரா எண்ணெய் ஆவதற்காகவே மதிக்கப்படுகின்றது. வியாபாரியின் இலாபம் எவ்வளவாயினும், பண்டத்தின் பயன்பாட்டுப் பெறுமதியோடு தரத்துக்கு ஓர் உறவு இருந்தே தீரும். அழுகிய இறாலுக்கு உயர்ந்த தரம் கிடையாது.

இவ்வுறவு தலைகீழாக மாறிய ஒரு தரப்படுத்தலையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. பழைய சித்திரக்கதை இதழ்களை வாங்குதல், விற்றல், அவற்றுக்குத் தர எண் வழங்குதல் என்பன இன்று உலகளாவியதொரு சந்தையாக வளர்ந்துள்ளன. இணையவழி விற்பனை அச்சந்தையைத் தமிழ் வாசகரின் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. இச்சந்தை எதனை மதிக்கின்றது, எதனைக் கழிக்கின்றது, அதன் மதிப்பீட்டுக்கும் இலக்கிய விமர்சனத்தின் மதிப்பீட்டுக்கும் உள்ள தொடர்பு யாது என்பனவே நாம் இங்கு எழுப்பும் வினாக்கள். சில்லறை விடயமொன்றைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க ஏட்டில் ஆராய்வது பொருந்துமா எனச் சிலர் ஐயுறக்கூடும். அந்த ஐயம் எங்கிருந்து பிறந்தது என்பதும் எமது ஆய்வின் ஒரு பகுதியேயாகும்.

2

சித்திரக்கதைச் சேகரிப்புச் சந்தை முதலில் ஒழுங்கு பெற்றது ஐக்கிய அமெரிக்காவிலே ஆகும். 1970இல் ரொபேட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் பழைய இதழ்களின் விலைப்பட்டியலொன்றை நூலாக வெளியிட்டார். இதழின் நிலைக்கேற்ப விலை வேறுபடும் என்ற முறைமை அதன்மூலம் பரவலாயிற்று. 2000ஆம் ஆண்டில் சீ.ஜீ.சீ. எனும் நிறுவனம் தோன்றியது. வாங்குபவருமல்லாத, விற்பவருமல்லாத மூன்றாம் தரப்பாக நின்று தரச்சான்று வழங்குவதே அதன் தொழில். அரை முதற் பத்து வரையான அளவுகோலொன்றில் ஒவ்வொரு பிரதிக்கும் எண் கொடுக்கப்படுகின்றது.

அவ்வெண் எவ்வாறு பெறப்படுகின்றது என்பது கவனிக்கத்தக்கது. முதுகுப்புறத்தில் மடிப்புக் கோடுகள் விழுந்துள்ளனவா, மூலைகள் மழுங்கியுள்ளனவா, தைத்த கம்பிகள் துருப்பிடித்துள்ளனவா, தாள் எந்த அளவுக்குப் பழுத்துள்ளது, எங்கேனும் கிழிந்துள்ளதா, எவரேனும் எழுதியுள்ளனரா என்பனவே பரிசீலிக்கப்படுகின்றன. பரிசோதனை முடிந்ததும் பிரதி கடினமான ஒளிபுகும் பிளாத்திக்குக் கூட்டினுள் வைத்து மூடப்படும். கூட்டினை உடைத்துத் திறந்தால் தரச்சான்று செல்லாது போய்விடும். அதாவது, வாசிக்க முற்படும் கணத்திலேயே அந்நூல் தனது தரத்தை இழந்துவிடுகின்றது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. கதையை ஆக்கியவரின் கையொப்பம், நிறுவனத்தின் சாட்சியாளர் முன்னிலையில் இடப்பட்டதாயின், தனி நிறச் சீட்டோடு சிறப்பாகச் சான்றுப்படுத்தப்படுகின்றது. அந்நூலை முன்னர் வைத்திருந்த சிறுவன் அட்டையில் எழுதிய பெயரோ குறையாகக் கணிக்கப்படுகின்றது. இரண்டும் மையினால் எழுதப்பட்ட பெயர்களே. ஒன்று சந்தைக்கு உரிய பெயர். மற்றையது வாசகனுக்கு உரிய பெயர்.

தமிழ்ச் சூழலுக்கு வருவோம். 1972இல் சிவகாசியிலிருந்து எம். சௌந்திரபாண்டியன் வெளியிடத் தொடங்கிய முத்து காமிக்ஸ், தமிழிற் சித்திரக்கதை வாசிப்பைப் பரந்த அளவில் நிலைப்படுத்தியது. அதன் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. 1984இல் அவரது புதல்வர் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வெளிவரலாயிற்று. அது 2005 வரை நீடித்தது. மலிவான தாள், சிறிய அளவு, சிறுவரின் கைச்செலவுக்கு எட்டக்கூடிய விலை என்பன இவற்றின் பொது இயல்புகள். இலங்கையில் 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. 1977இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரம் அத்தடையைத் தளர்த்தவே, இவ்விதழ்கள் எமது கடைகளிலும் தாராளமாகத் தொங்கலாயின. ஒருவர் வாங்கிப் பத்துப் பேர் படிப்பது என்பதே இங்கு அவற்றின் வாழ்வாக இருந்தது.

அவ்விதழ்களே இன்று சேகரிப்புப் பொருள்களாக மாறியுள்ளன. அமெரிக்காவிலுள்ளது போன்ற தரச்சான்று நிறுவனம் தமிழ்ச் சித்திரக்கதைகளுக்கென உருவாகவில்லை. எனினும் அதன் நோக்கு இங்கும் வந்து சேர்ந்துவிட்டது. விற்பவர் இணையத்தில் நிழற்படத்தை இட்டு, அட்டை உண்டா, பக்கங்கள் முழுமையா, எழுத்துக் கிறுக்கல் உண்டா எனக் கூறுகின்றார். வாங்குபவரும் அவற்றையே வினவுகின்றார். கதை எத்தகையது என்பதை எவரும் வினவுவதில்லை.

3

இவ்விலை எதன் விலை? உழைப்பினால் மீள உற்பத்தி செய்ய முடியாத பொருள்களின் விலை, தற்செயலான பல நிலைமைகளின் சேர்க்கையினால் தீர்மானிக்கப்படலாம் என மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியிலே, நில வாடகை பற்றிய பகுதியிற் குறிப்பிடுவார். பழம்பொருள்களையும் கலைஞர் சிலரின் ஆக்கங்களையும் அவர் அங்கு உதாரணமாகச் சுட்டுவது மனங்கொள்ளத்தக்கது. அதே தொகுதியின் இன்னோரிடத்தில், ஏகபோக விலையானது வாங்குபவரின் ஆவலையும் அவரது கொள்வனவு ஆற்றலையுமே சார்ந்து நிற்கும் என விளக்குவார். பழைய சித்திரக்கதையின் விலை இவ்வகையைச் சார்ந்ததாகும். அதில் அடங்கிய அச்சகத் தொழிலாளியின் உழைப்பு என்றோ விலை பெற்று முடிந்துவிட்டது. இன்று விலை பெறுவது அருமைப்பாடு மட்டுமே.

அருமைப்பாடு வானத்திலிருந்து வருவதன்று. ஒரு நூலின் ஏனைய பிரதிகள் அழிந்தமையினாலேயே எஞ்சிய பிரதி அரியதாகின்றது. ‘சூப்பர்மேன்’ முதன்முதலில் தோன்றிய ‘அக்ஷன் கொமிக்ஸ்’ முதலாம் இதழ் 1938இல் 10 சதத்துக்கு விற்கப்பட்டது. ஏறத்தாழ 2 இலட்சம் பிரதிகள் அச்சிடப்பட்டதாகவும் அவற்றுள் நூறளவிலான பிரதிகளே எஞ்சியிருப்பதாகவும் கணிக்கப்படுகின்றது. சிறுவர் படித்துக் கிழித்தனர், கைமாற்றினர், தாயார் எறிந்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழைய கடதாசி திரட்டும் இயக்கங்களிற் பெருந்தொகையான இதழ்கள் கூழாகிப் போயின. 2014இல் அவ்விதழின் ஒரு பிரதி இணைய ஏலத்தில் 32 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. 2024இல் வேறொரு பிரதி 60 இலட்சம் டொலரை எட்டியது. படித்தவர் அனைவரும் சேர்ந்து அழித்ததனால் உண்டான அருமைப்பாட்டின் பயனைப் படிக்காமல் வைத்திருந்த ஒருவர் பெறுகின்றார்.

இதன் மறுதலையும் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. 1992இல் ‘சூப்பர்மேனின் மரணம்’ பற்றிய இதழ் கறுப்புப் பிளாத்திக்கு உறையில் மூடப்பட்டு விற்பனைக்கு வந்தது. எதிர்காலத்தில் விலை ஏறும் என்ற நம்பிக்கையில் இலட்சக்கணக்கானோர் அதனை வாங்கி, உறை பிரிக்காமலே பாதுகாத்தனர். எல்லோரும் பாதுகாத்தமையினாலேயே அது அரியதாகவில்லை, விலையும் ஏறவில்லை. ஊகவாணிபம் தளர்ந்த அந்த ஆண்டுகளில், 1996இன் இறுதியில், மார்வெல் நிறுவனமே வங்குரோத்துப் பாதுகாப்புக் கோர நேர்ந்தது. படிக்கப்படாத நூல் விலைபெற வேண்டுமாயின், வேறு பலர் தமது பிரதிகளைப் படித்து அழித்திருக்க வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் உண்மையாகும்.

இச்சந்தையில் விற்கப்படுவது கதையே என ஒருவர் வாதிடலாம். மறுபதிப்புகள் அவ்வாதத்துக்கு விடை பகர்கின்றன. 2012 சனவரியில் லயன் காமிக்ஸ் புதிய பொலிவோடு மீண்டும் வரத் தொடங்கிய பின்னர், முன்னைய கதைகள் பலவும் நல்ல தாளில் மறுபதிப்புப் பெற்றுள்ளன. கதையே வேண்டுமாயின் அவற்றை வாங்கிப் படிக்கலாம். ஆயினும் பழைய இதழ்களுக்கான தேட்டம் அடங்கிவிடவில்லை. மறுபதிப்பினாற் குறையாத விலை கதைக்கு உரிய விலையாக இருத்தல் இயலாது. மத்திய வயதை எட்டிய ஒரு தலைமுறையினர் தமது பிள்ளைப்பருவத்தைப் பண்டமாக்கி மீள வாங்க முயல்கின்றனர் எனலாம். அவ்வேக்கத்தை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. ஆனால் அது சந்தையினூடாக நிறைவு பெற முற்படும்போது, பிள்ளைப்பருவத்தில் அந்நூலோடு அவர்களுக்கிருந்த உறவின் அடையாளங்களே, அதாவது மடித்ததும் எழுதியதும் கிழித்ததுமே, குறைகளாகக் கழிக்கப்படுகின்றன என்பதைச் சுட்டாதிருக்கவும் முடியாது.

4

வாசகனின் சுவடு கழிக்கப்படுவது போலவே ஆக்கியோனின் உழைப்பும் மறைக்கப்படுகின்றது. சூப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938இல் அப்பாத்திரத்தின் உரிமையை 130 டொலருக்கு விற்றுவிட்டனர். பின்னர் நெடுங்காலம் வழக்காடியும் பயன் பெறாது வறுமையுற்றனர். பலரது கண்டனத்தின் பின்னரே 1975இல் அவர்களுக்கு ஆண்டுக்கு 20,000 டொலர் வீதம் கொடுப்பனவு வழங்க நிறுவனம் இணங்கியது. 2012இல், அந்த 130 டொலர் அடங்கிய காசோலைத்தாளே ஏலத்தில் 1,60,000 டொலருக்கு விலைபோயிற்று. படைப்பாளி பெற்ற கூலியைக் காட்டிலும் அக்கூலியைக் கொடுத்த தாள் ஆயிரம் மடங்குக்கு மேற் பெறுமதி பெற்றது. பண்ட மாயை பற்றி மார்க்ஸ் கூறியதற்கு இதனிலும் தெளிவான உதாரணத்தைத் தேடுதல் அரிது.

இச்செய்திக்கு எமது வாசிப்பு வரலாற்றோடும் தொடர்புண்டு. அறுபதுகளில் அதே சீகல் பிரித்தானிய வார இதழொன்றுக்காக ‘ஸ்பைடர்’ என்னும் குற்றவாளி நாயகனின் கதைகளை எழுதினார். டெட் கோவன் தொடங்கிவைத்த அப்பாத்திரத்துக்கு ரெஜ் பன் படம் வரைந்தார். அக்கதைகளே எண்பதுகளில் லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்தன. சிவகாசியிலிருந்து கப்பலேறி வந்த அவ்விதழைப் படித்த எமது சிறுவர், சூப்பர்மேனைப் படைத்தவரின் எழுத்தையே தாம் படிக்கின்றோம் என அறிந்திருக்க நியாயமில்லை. பிரித்தானிய வார இதழ்கள் எழுதியோரின் பெயரையும் வரைந்தோரின் பெயரையும் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. 1962இல் ‘வேலியன்ட்’ இதழில் தோன்றிய இரும்புக்கை மாயாவியின் கதையை எழுதிய கென் புல்மரும் டொம் டலியும், அதனை வரைந்த ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவும் இவ்வாறே மறைந்து நின்றனர்.

மாயாவியின் கதைக்கரு இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. ஆய்வுகூடத்தில் வேலைசெய்து வலது கையை இழந்த ஒருவன் உருக்குக் கையொன்றைப் பொருத்திக்கொள்கின்றான். மின்சாரம் பாயும்போது அவனது உடல் மறைந்துவிடும். கை மட்டுமே கண்ணுக்குத் தெரியும். சேகரிப்புச் சந்தையில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. அங்கு பண்டத்தின் உடல் ஒளிபுகும் கூட்டினுள் பளிச்செனத் தெரிகின்றது. அதனை எழுதிய கை, வரைந்த கை, அச்சிட்ட கை, புரட்டிய கை யாவும் மறைந்துவிடுகின்றன.

இவ்வாறு கூறுவதால் அக்கதைகளின் கருத்துநிலையை நாம் ஏற்றுக்கொள்கின்றோம் என்பது பொருளன்று. ஏகாதிபத்திய உளவுத்துறைகளின் வீரசாகசமும், காட்டுவாசிகளை ஆளும் வெள்ளை நாயகனின் பெருமையும் அவற்றில் மலிந்து கிடந்தன. சிலி நாட்டிலே ஏரியல் டோர்ஃப்மனும் ஆர்மன் மட்டலாரும் 1971இல் டிஸ்னி சித்திரக்கதைகளின் ஏகாதிபத்தியக் கருத்துநிலையை ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டனர். 1973இன் இராணுவச் சதியின் பின் அந்நூல் எரியூட்டப்பட்டது. சித்திரக்கதையை அவர்கள் கடிந்தனர். ஆயினும் அதனை ஊன்றிப் படித்த பின்னரே கடிந்தனர் என்பது எமக்குரிய பாடம்.

5

கற்பிட்டி வீதியை அண்டிய குடியிருப்பொன்றில் நாம் ஒரு பிரதியைக் கண்டோம். அது இரும்புக்கை மாயாவியின் கதைகளுள் ஒன்று. முன்னட்டையும் பின்னட்டையும் இல்லை. முதல் இரு தாள்களும் கடைசித் தாளும் இல்லை. ஆகவே கதையின் பெயரை அறிய முடியாது. முடிவையும் அறிய முடியாது. கம்பிகள் துருவேறித் தாளைத் தின்றிருந்தன. மரக்கூழிற் செய்த மலிவுத்தாள் பழுத்துப் பொடிபடும் நிலையை எட்டியிருந்தது. உப்புக் காற்றும் ஈரமும் மிகுந்த இக்கரையில் இதுவும் எஞ்சியது வியப்பே. எந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினும் அது கடைத்தரத்ததே.

அதன் உடைமையாளர் யாழ்ப்பாணம் சோனகதெருவிலே பிறந்தவர். 1990 ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியால அவகாசமே வழங்கப்பட்டது. நகை, பணம், உடைமைகள் பறிக்கப்பட்டன. அவ்வாறு வெளியேறியோரிற் பெரும்பான்மையினர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். தமிழ் முற்போக்காளர் பலர் இக்கொடுமை குறித்து உரிய காலத்தில் உரத்துப் பேசாதிருந்தனர் என்பதையும் இங்கு பதிந்தாக வேண்டும். நாம் கண்ட பிரதியின் உடைமையாளர் அப்போது பதின்மூன்று வயதுச் சிறுவன். வழியிற் சோதனையிட்டவர்கள் பையிலிருந்த ஏனையவற்றை எடுத்துக்கொண்டு, அக்கந்தல் புத்தகத்தை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டனராம்.

அண்மையில் அவரது மகன் அப்பிரதியை நிழற்படமெடுத்து, விற்பனைக்கென இணையத்தில் இட்டிருக்கின்றான். “அட்டை இல்லாததுக்கு விலை இல்லையெண்டு சொல்லிப்போட்டாங்க, தம்பி. எழுத்து வேற கிறுக்கிக் கிடக்காம்” என்றார் தகப்பனார். அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. விற்காமற் போனது நல்லதே என்பது போன்ற ஒரு சிரிப்பு அவரிடம் இருந்தது.

அக்‘கிறுக்கல்’ யாதென நாம் பார்த்தோம். உட்பக்கமொன்றின் ஓரத்தில் நான்கு சிறுவர்களின் பெயர்கள் குமிழ்முனைப் பேனாவினால் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கிழமை குறிக்கப்பட்டிருந்தது. யார் எந்த நாளிற் கொண்டுசெல்வது என்ற ஒழுங்கு அது. நான்கு பெயர்களுள் மூன்று முஸ்லிம் பெயர்கள். ஒன்று சைவப் பெயர். நான்காமவர் தமது வகுப்புத் தோழர் என்றும் இன்று எங்கிருக்கின்றார் எனத் தெரியாதென்றும் உடைமையாளர் கூறினார்.

1990க்கு முன்னர் யாழ்ப்பாண நகரிலே தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் ஒரே நூலைப் பங்கிட்டுப் படித்தனர் என்பதற்கு அந்த ஓரக்குறிப்பு ஓர் ஆவணமாகும். பொது வரலாறுகளிற் காணக் கிடைக்காத இத்தகைய சான்றைச் சந்தை ஒரு பழுதாகக் கழித்துவிட்டது. அப்பிரதி இக்கரைக்கு வந்து சேர்ந்ததும் அதன் விலையின்மையினாலேயே ஆகும். அன்று அதற்கு விலை இருந்திருக்குமாயின் நகையோடு நகையாக அதுவும் பறிபோயிருக்கும். சந்தை ‘அரிது’ எனக் கூறும் சொல்லின் பின்னால் எத்தகைய அழிவுகள் கிடக்கின்றன என்பதை ஈழத்து வாசகர் தமது அநுபவத்திலிருந்தே அறிவர். ஏனைய பிரதிகள் வீடுகளோடு எரிந்தன. கைவிடப்பட்ட அலுமாரிகளிற் கறையானுக்கு இரையாயின. அவ்வாறு உண்டான அருமைப்பாட்டைத் தனியொருவரின் ஆதாயமாகக் கருதுவதற்கு முன்னர் சற்றுத் தயங்குதல் நன்று.

6

இனி எமது பக்கத்தை நோக்குதல் வேண்டும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஈழத்து முற்போக்கு இயக்கம் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் வரவை எதிர்த்துப் போராடியது. ஈழத்து எழுத்துக்குக் களமும் வாசகரும் கிடைப்பதற்கு அப்போராட்டம் உதவியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதே மூச்சிலே அச்சஞ்சிகைகளைப் படித்தவர்களின் வாசிப்பையும் குப்பை எனத் தள்ளிவிட்டோம். தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்புச் சாதனமாகக் கொண்டு ஆராய்ந்த கார்த்திகேசு சிவத்தம்பியின் நூல் 1981இல் வெளிவந்தது. வெகுசன வடிவமொன்றைக் கண்டிப்பதற்கும் அதனை ஆராய்வதற்கும் முரண்பாடில்லை என்பதை அது காட்டியது. சித்திரக்கதைக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை. எமது நூலகங்கள் அதனைச் சேர்க்கவில்லை. எமது நூற்பட்டியல்கள் அதனைக் குறிக்கவில்லை. நாம் கைவிட்ட இடத்தையே சந்தை நிரப்பியுள்ளது. தனிப்பட்ட சேகரிப்பாளர் பலர் பணமும் உழைப்பும் செலவிட்டிராவிடின், தமிழ்ச் சித்திரக்கதை வரலாற்றை எழுதுதற்கு வேண்டிய அடிப்படைத் தரவுகளே இன்று கிடைத்திரா. ஆதலால் அவர்களை வெறும் ஊகவணிகர் என ஒதுக்குதல் நியாயமன்று.

சேகரிப்பாளன் பொருள்களைப் பயன்பாட்டின் சுமையிலிருந்து விடுவிப்பவன் என வால்ட்டர் பெஞ்சமின் 1935இற் கருதினார். அவ்விடுதலை எத்திசையிற் செல்கின்றது என்பதே வினா. பிளாத்திக்குக் கூட்டை நோக்கிச் செல்லின் அது மூலதனமாகின்றது. பொது ஆவணகத்தை நோக்கிச் செல்லின் அது அறிவாகின்றது. இரண்டாம் வழிக்கு எமது மரபிலே முன்னோடிகள் உளர். இதே கரையில், கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807 - 1860) தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர் திரட்டியவை தனியுடைமையாக முடங்காது, பின்வந்த இலக்கிய வரலாற்றாசிரியர் அனைவர்க்கும் பொதுவாயின. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த அச்சு நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் 1994இற் சென்னையிலே ஓர் ஆய்வு நூலகத்துக்கு அடிப்படையாயின. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதன் வடு ஆறாத சூழலிலே, 2005இல் நூலகம் என்னும் எண்ணிம ஆவணகம் தோன்றி ஈழத்து எழுத்தைப் பொதுவுடைமையாகப் பேணி வருகின்றது.

ஆகவே நாம் முன்வைப்பவை எளிய கோரிக்கைகளே. முதலாவதாக, பல்கலைக்கழக நூலகங்களும் பொது நூலகங்களும் சித்திரக்கதை இதழ்களைத் தமது சேகரங்களில் இணைத்தல் வேண்டும். வெளியீட்டாளரின் உரிமையை மதித்து, அவர்களது இசைவோடு அவற்றை எண்ணிமப்படுத்தல் வேண்டும். இரண்டாவதாக, அவற்றைப் பட்டியலிடுங்கால், கிழிசலையும் ஓரக்குறிப்பையும் வாடகைக் கடைகளின் முத்திரையையும் பழுதென ஒதுக்காது, தகவலெனப் பதிதல் வேண்டும். யார் படித்தார், எங்கு படித்தார், எத்தனை பேர் படித்தார் என்பதற்கு அவையே சான்று. மூன்றாவதாக, இவ்விதழ்களைப் படித்து வளர்ந்த மீனவர், உப்பளத் தொழிலாளர், இடம்பெயர்ந்தோர் ஆகியோரின் வாசிப்பு அநுபவங்களை அவர்களது வாய்மொழியிலேயே திரட்டுதல் வேண்டும். இலக்கிய வரலாறு இதுவரை எழுதியோரின் வரலாறாகவே இருந்துள்ளது. படித்தோரின் வரலாறு எழுதப்பட வேண்டியதாகவே இருக்கின்றது.

நாம் கண்ட அப்பிரதியின் பக்கங்களை உடைமையாளரின் இசைவோடு படமெடுத்துக்கொண்டோம். மூலப்பிரதி அவரிடமே உள்ளது. அதனை இப்போது அவரது பேத்தி படித்துக்கொண்டிருக்கின்றாள். முடிவு கிழிந்துபோன அக்கதைக்கு அவள் தானே ஒரு முடிவைச் சொல்வதாக அவர் கூறினார். அப்பிரதி இன்னும் சில காலத்திற் பொடிந்து போதலும் கூடும். அதற்குமுன் அதன் ஓரத்திலுள்ள நான்கு பெயர்களும் ஒரு பொது ஆவணகத்திற் பதிவாதல் வேண்டும்.